முதன்முறை ரோலர் ரிங்க் போகிறவருக்கு

அமெரிக்காவில் படிக்கிறேன், தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) விடுமுறையில் வகுப்புத் தோழர்கள் ரோலர் ரிங்குக்கு (சக்கர ஸ்கேட் ஓட்டும் அரங்கத்துக்கு) கூப்பிடுகிறார்கள், காலில் சக்கரம் கட்டிப் பழக்கமே இல்லை, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. ஓடக் கற்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் நேரம். தேங்க்ஸ்கிவிங் வியாழனன்று மூடும் ரிங்குகள் உண்டு. அடுத்த நாட்களிலும் யாராவது பிறந்தநாள் விருந்துக்கு மொத்தமாக எடுத்திருக்கலாம். அன்றைய அட்டவணையில் 'பப்ளிக் ஸ்கேட்' (எல்லோரும் வந்து ஓட்டும்) நேரம் எது என்று பார்த்துக் கிளம்புங்கள். இரவு நேரம் சில இடங்களில் 18 அல்லது 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். வயதைக் காட்டும் அடையாள அட்டை கேட்பார்கள்.

மூட்டு மடங்கும் பேன்ட் போடுங்கள். கணுக்காலுக்கு மேலே ஏறும் சாக்ஸ் கட்டாயம், இல்லையென்றால் வாடகை ஷூவின் விளிம்பு தோலை உரித்துவிடும். பின்பாக்கெட்டில் போனும் சாவியும் வேண்டாம். விழும்போது முதலில் தரையில் படுவது அந்த இடம்தான்.

நம் ஊர் ஷூ அளவு பிரிட்டிஷ் கணக்கு. வாடகை ஸ்கேட்டில் பெரும்பாலும் அமெரிக்க ஆண்கள் அளவுதான் இருக்கும். அதனால் உங்கள் அளவோடு ஏறத்தாழ 1 கூட்டிக் கேளுங்கள்: 8 என்றால் 9. எழுந்து நின்று பார்க்கும்போது குதிகால் உள்ளே தூக்கினால் அது பெரிது, தயங்காமல் மாற்றுங்கள். கணுக்காலில் இறுக்கிக் கட்டி, மிஞ்சிய லேஸை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் லேஸ் சக்கரத்துக்குள் போனால் அந்தக் கால் அப்படியே நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும்.

இரண்டிரண்டாக நான்கு சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரே வரிசையில் சக்கரம் உள்ள இன்லைனைவிட அதில் நிற்பது சுலபம். சாயும் பக்கம் திரும்பும் குவாடுக்கு 1863-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்றார். சக்கர அச்சுக்கு மேலே மெத்தென்ற ரப்பர் இருப்பதால், காலை முறுக்க வேண்டாம், லேசாகச் சாய்ந்தாலே திரும்பும்.

உள்ளே போகுமுன் கம்பளத் தரையிலேயே பழகுங்கள். குதிகால்கள் நெருங்கி, விரல்கள் விலகி, வாத்து நடையில் சின்னச் சின்ன அடி. முழங்கால் மடங்கியே இருக்கட்டும், கைகள் முன்னால். புதியவர்கள் பயத்தில் நிமிர்ந்து பின்னால் சாய்வார்கள்; உடனே ஸ்கேட் முன்னே வழுக்கிப் போகும். மல்லாக்க விழுவதுதான் ஆபத்து, தலையும் மணிக்கட்டும் அடிபடும். தடுமாறினால் குந்துங்கள், ஒரு பக்கமாகப் புட்டத்தில் விழுங்கள், உள்ளங்கையை ஊன்றாதீர்கள். அப்படி ஊன்றித்தான் மணிக்கட்டு எலும்பு முறிகிறது. ஆகவே வேறெதை விட்டாலும் மணிக்கட்டுக் கவசத்தை (ரிஸ்ட் கார்ட்) விடாதீர்கள். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருபவர் சக்கரம் ஏறலாம். பிறகு ஒரு முழங்காலில் நின்று, மறுகாலை ஊன்றி எழலாம்.

ஓட்டத்தை நிறுத்த, ஒரு காலைப் பின்னே விட்டு ஸ்கேட் நுனியிலுள்ள ரப்பர் கட்டையைத் தரையில் உரச விடுங்கள். ஓடும்போது முன்காலில் அழுத்தினால் குப்புற விழுவீர்கள். நண்பர்கள் பாசத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள், மறுத்துவிடுங்கள்; ஒருவர் சறுக்கினால் இருவரும் விழ வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்த சக்கர நடைவண்டி வாடகைக்குக் கிடைத்தால் கூச்சப்படாமல் எடுங்கள்.

எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுவார்கள். சுவரோரமாகப் போங்கள், குறுக்கே வெட்டாதீர்கள். விசில் ஊதும் ஊழியர் சொன்னால் உடனே கேளுங்கள். 'கப்பிள்ஸ்' (ஜோடியாக மட்டும்), 'பேக்வர்ட்' (பின்னோக்கி மட்டும்) என்று அறிவித்தால் அது உங்களுக்கான பாட்டு அல்ல. வெளியே வந்து நாச்சோஸ் சாப்பிடுங்கள்.

நுழையுமுன், அடிபட்டால் ரிங்க் பொறுப்பல்ல என்ற பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் பல்கலைக்கழக மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையோடு வைத்திருங்கள். உங்கள் காப்பீடு ஏற்கும் அர்ஜென்ட் கேர் (முன்பதிவில்லாமல் போகும் சிறு மருத்துவமனை) அருகில் எங்கே, விடுமுறையில் திறந்திருக்குமா என்று முன்பே பாருங்கள். மணிக்கட்டு வீங்கினால் பெரும்பாலும் அங்கேயே எக்ஸ்ரே எடுத்துவிடலாம். எமர்ஜென்சி ரூம் செலவு அதைவிடப் பல மடங்கு. தலையில் பலமாக அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் மட்டும் காசு பார்க்காமல் 911-ஐ அழையுங்கள்.