தேடலில் இடம் சரிந்ததா? மும்பை வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "கூகுளில் எங்கள் கடை காணாமல் போய்விட்டது" என்ற ஒரே புலம்பல்தான். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பக்கம், எந்தச் சொல்லுக்கு என்று விவரமாக எழுதியவர்கள் சிலரே என்பதால், அவர்களுக்கே முதலிடம்.

வரலட்சுமி நோன்புக்கான பொருட்களின் பட்டியலை எங்கள் தளத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறோம். தேடலில் இன்னும் மேலேதான் வருகிறது. ஆனால் வருவோர் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. ஏன்? (மாட்டுங்கா, பூஜைப் பொருள் கடை)

உங்கள் இடம் சரியவில்லை. அதற்கு மேலே வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது என்றே தோன்றுகிறது. 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தொடங்கிய ஏஐ ஓவர்வியூ, பல தளங்களில் உள்ளதைச் சுருக்கி விடையாகத் தேடல் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. கலசம், மஞ்சள், தாழம்பூ என்று பட்டியலை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர் இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டார். முன்பும் அவர் வாங்காமல்தான் போயிருப்பார். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் அந்த ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அது தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை குறையாமல் கிளிக் மட்டும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே மாதங்களின் ஆர்டர் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஆர்டர் குறையவில்லையென்றால் கவலையை விடுங்கள். குறைந்திருந்தால், இன்று என்ன இருப்பு, என்ன விலை, எத்தனை மணிக்குள் சொன்னால் முலுண்டுக்கு மாலைக்குள் வந்து சேரும் என்பவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். இவற்றுக்கு உங்கள் கடையைத் தவிர வேறு யாரும் விடை சொல்ல முடியாது.

தளத்தை எந்த நிரல் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில், கூகுளின் ஏஐ பயிற்சிக்கான 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்பதைத் தடுத்தால் இந்தச் சுருக்கத்திலிருந்து தப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது, அந்தத் தடை தேடலைக் கட்டுப்படுத்துவதில்லை.

பக்கத்தின் நிரலில் தேடுசொற்களை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டு பகுதியில் எத்தனை சொற்கள் வரை போடலாம்? (தாணே)

ஒன்றும் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

கூகுள் மேப்பில் கடையின் பெயரோடு 'செம்பூர் பெஸ்ட் சீப் வெஜ் கேட்டரிங் மும்பை' என்று சேர்த்தோம். இரண்டு மாதம் நன்றாக அழைப்பு வந்தது. இப்போது ப்ரொஃபைலையே முடக்கிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? (செம்பூர், கேட்டரிங்)

அநியாயம் இல்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் மேப்பில் தெரியும் கடைக் குறிப்பான பிசினஸ் ப்ரொஃபைலில் எழுத வேண்டும் என்பது பழைய விதி. பெயரைச் சரிசெய்து, பலகையின் படம், ஜிஎஸ்டி சான்று, அதே முகவரியிலுள்ள மின்கட்டண ரசீது ஆகியவற்றோடு ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யுங்கள். அவசரப்பட்டு அதே முகவரியில் இரண்டாவது ப்ரொஃபைல் தொடங்காதீர்கள், சிக்கல் இரட்டிப்பாகும்.

மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே மாதத்தில் முதல் பக்கத்தில் முதல் இடம் உத்தரவாதம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா? (தாராவி, தோல் பைகள்)

போடாதீர்கள். கூகுளில் முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதைக் கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்து மேலே வரக்கூடிய ஒரே இடம் விளம்பரம், அதுவும் விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான்.

இந்த உத்தரவாதம் எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதை 90 அடி சாலையில் உங்களைப் போன்ற ஒரு பைக்கடையில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். மாதந்தோறும் வண்ணப் படங்களோடு முப்பது பக்க அறிக்கை வந்துகொண்டிருந்தது. அதில் பன்னிரண்டு சொற்றொடர்களுக்கு முதல் இடம் என்று பச்சை நிறத்தில் குறித்திருந்தார்கள். அவற்றில் ஐந்து, கடையின் சொந்தப் பெயரையே எழுத்துகளை முன்பின் மாற்றி எழுதியவை. மற்றவை 'தாராவி கையால் தைத்த பழுப்பு நிறத் தோள்பை மொத்த விலை கடை' என்பது போல யாருமே தட்டாத வரிகள். சர்ச் கன்சோலில் பார்த்தபோது அந்த வரி மாதத்துக்கு நான்கு முறைதான் காட்டப்பட்டிருந்தது. அந்த நான்கும் அறிக்கை எழுதியவர் தாமே தேடிப் பார்த்ததாக இருக்கலாம். அதைக் காட்டியபோது, கல்லாவில் இருந்தவர் அறிக்கையை மூடி, அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகு வந்தது. கடையின் இணைய முகவரியான டொமைன், உத்தரவாதம் கொடுத்த அந்த நிறுவனத்தின் பெயரில். சர்ச் கன்சோல் அவர்களுடைய மின்னஞ்சலில். மேப்பில் கடைக்கு உரிமையாளரும் அவர்களே. வேலையை நிறுத்துகிறேன் என்றதும் டொமைனைத் திருப்பித் தரத் தனித்தொகை கேட்டார்கள். சொந்தக் கடைச் சாவியை வாடகைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில், மேலே ஏற்றுவதற்காகப் பிற தளங்களில் விலைக்கு வாங்கிய இணைப்புகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2012-ல் வந்த பெங்குவின் என்ற கூகுள் அப்டேட் இப்படிப்பட்ட இணைப்புகளைப் போட்ட தளங்களைக் கீழே தள்ளியது; 2016-க்குப் பிறகு பெரும்பாலும் அவற்றைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதாவது கொடுத்த பணம் கடலில் கரைத்த பெருங்காயம். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கணக்குகள் எல்லாம் உங்கள் மின்னஞ்சலில் இருக்க, அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

டிராஃபிக் விழுந்துவிட்டது. என்ன செய்வது? அவசரம். (ஊர் குறிப்பிடவில்லை)

தள முகவரி, தேதி, தொழில் எதுவும் எழுதவில்லை. நாடி பார்க்கக் கையையாவது நீட்ட வேண்டும்.

2025 செப்டம்பர் நடுவில் காட்டப்பட்ட எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. கிளிக் குறையவில்லை. சராசரி இடம் மட்டும் உயர்ந்திருக்கிறது. தண்டனையா? (அந்தேரி, இயந்திர உதிரிபாகம்)

தேதியோடு எழுதியதற்கு நன்றி. தண்டனையாகத் தெரியவில்லை. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. அதைப் பயன்படுத்தி இடம் அளந்துகொண்டிருந்த கருவிகள் உங்கள் தளத்தை எண்பதாவது, தொண்ணூறாவது இடத்தில் 'பார்த்த' கணக்கும் அதோடு நின்றது. கிளிக் குறையவில்லை என்கிறீர்கள்; அப்படியானால் போனவர்கள் மனிதர்களே அல்லர்.

கூகுள் இலவசமாகக் கொடுத்த தளத்தின் முகவரியைப் பில் புத்தகத்தில் அச்சடித்திருந்தோம். அது திறக்கவில்லை. (சயான், மாவு மில்)

அந்தத் தளங்கள் 2024 மார்ச்சிலேயே மூடப்பட்டன. திருப்பிவிடும் வசதியும் அவ்வாண்டு ஜூனோடு முடிந்தது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் சொந்த டொமைன் வாங்கலாம். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்.

புது வடிவமைப்புக்கு மாறியதும் தேடலில் வந்த பக்கங்கள் எல்லாம் போய்விட்டன. கூகுளின் புதிய அப்டேட் காரணமா? (வாஷி, மரச்சாமான்)

அப்டேட்டின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பழைய முகவரிகளில் ஆறைத் தட்டிப் பார்த்தேன். ஆறும் 'பக்கம் இல்லை' என்கின்றன. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடும்படி, செய்யச் சொல்லுங்கள்; எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடும் சோம்பேறித்தனத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஓராண்டு அது அப்படியே இருக்கட்டும். பழைய முகவரிகளின் முழுப் பட்டியல் கையில் இல்லையென்றால் சர்ச் கன்சோலில் எடுக்கலாம், அதன் கணக்கு உங்களிடம் இருந்தால்.

ஐந்து நட்சத்திரம் போடுபவர்களுக்குக் கால் கிலோ மைசூர்பாகு இலவசம் என்று பலகை வைக்கலாமா? (முலுண்ட், இனிப்புக் கடை)

கூடாது. பொருளோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது விதிமீறல். பிடிபட்டால் உண்மையாக வந்த ரிவ்யூக்களும் சேர்ந்து போகக்கூடும். பில் கொடுக்கும்போது வாயால் கேளுங்கள், பலகை மட்டும் வேண்டாம்.