மார்கழி விடியலில் டீசல் வண்டியை எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும்?

டீசல் வண்டி கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: மதுரை டீசல் பட்டறை மெக்கானிக்

கேள்வி: அண்ணே, எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். மல்லிகைப்பூ ஏத்திக்கிட்டு விடியக்காலம் மூணு மணிக்கு மாட்டுத்தாவணிக்குக் கிளம்பணும். வண்டி பிஎஸ்-6, அதான் புது புகை விதிப்படி வந்த டீசல் பிக்கப். மார்கழி பொறந்ததுல இருந்து எங்க அப்பா, "கால் மணி நேரம் நின்ன இடத்துல ஓடட்டும், சூடு ஏறுன பிறகு எடு"ங்கிறார். வண்டி வாங்குன இடத்துல "ஸ்டார்ட் பண்ணி உடனே போகலாம்"னாங்க. யார் பேச்சைக் கேக்கிறது?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: தம்பி, கால் மணி நேரம் வேண்டாம். அரை நிமிடம் போதும். மனசு கேட்கவில்லையா, ஒரு நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகு முதல் நாலைந்து கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். எஞ்சின் ஓடித்தான் சூடாக வேண்டும், நின்று அல்ல.

ஆனால் அப்பாவிடம் போய் "நீங்க சொன்னது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் ஓட்டிய காலத்து வண்டிக்கு அவர் சொன்னது சரி. அம்பாசிடர் டீசல், மெட்டடார் போன்ற வண்டிகளில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழாது. பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் பீய்ச்சி, அங்கே பற்றி, பிறகு வெளியே வரும். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். ஊற்றிய ஆயிலும் 40 நம்பர் ஒற்றை கிரேடு. விடியலில் கெட்டியாகக் கிடந்து, மேலே வால்வு வரை ஏற நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட வண்டியை எடுத்ததும் விரட்டினால் எஞ்சின் கட கடவென்று அடித்துக்கொள்ளும். அதைக் காதால் கேட்டு வளர்ந்தவர் காத்திருக்கத்தானே சொல்வார்?

உங்கள் வண்டியில் டீசல் நேராக பிஸ்டன் மேலேயே பீய்ச்சுகிறது. ஆயிலும் மல்டிகிரேடு, குளிரிலும் இளகியே இருக்கும். நம் பக்கம் மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் எவ்வளவு? பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான். நமக்குத் துண்டைத் தலையில் கட்டத் தோன்றும், ஆயிலுக்கு அது குளிரே இல்லை. சில விநாடிகளில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி ஐடிலில், அதாவது நின்ற இடத்தில், ஓட விட்டால் ஏன் சூடு ஏறாது என்பதைச் சொல்கிறேன். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு போல நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதில் விழும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஐடிலில் அது குடிக்கும் டீசல் மிகக் கொஞ்சம், ஆனால் காற்றைத் தாராளமாக இழுக்கும். எரிந்து வரும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் அந்த அதிகப்படிக் காற்று சைலன்ஸர் வழியாக வெளியே கொண்டுபோய்விடும். அதனால்தான் பத்து நிமிடம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதிக்குக்கூட வருவதில்லை. அதே வண்டியில் பூ மூட்டையை ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், செக்கானூரணி வருவதற்கு வெகு முன்பே முள் தன் இடத்துக்கு வந்து நிற்கும்.

சூடு ஏறாததோடு போனால் பரவாயில்லை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுசாக எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்க வேண்டிய ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். நாள் தவறாமல் நின்ற இடத்தில் ஓடும் வண்டிகளின் ஆயில் நீர்த்துப்போய், டீசல் வாடையோடு பட்டறைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்-6 வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. சைலன்ஸர் லைனில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துத் தள்ள 550 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஐடிலில் அந்தச் சூடு வராது, கரி மட்டும் சேரும். உங்களுக்கு மதுரைக்கு 40 கிலோமீட்டர் போல ஓட்டம் இருப்பதால் பிழைத்தீர்கள். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்குத்தான் டேஷ்போர்டில் டிபிஎஃப் லைட் அடிக்கடி எரிந்து, பெரிய செலவில் கொண்டுபோய் விடுகிறது.

கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலும் நின்றால் சூடாகாது, சக்கரம் உருண்டால்தான் சூடாகும். ஆகவே கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் கியரை மாற்றி மாற்றி மெதுவாகப் போங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும் முன்பே அதைச் சுழற்றிவிட்டால், தேய்வது அந்த நேரத்தில்தான். மார்கழியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கிறது. அந்தக் கால் மணி நேரம் வண்டிக்குப் பின்னால் நிற்பதைவிடச் சந்தையில் நிற்பது உங்களுக்கு லாபம்.

கேள்வி: கொடைக்கானலில் ஜீப் வைத்து சவாரி ஓட்டுகிறேன். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்ததும் வெள்ளைப் புகை, ஒரே நடுக்கம். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இரவு நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: கலக்கவே கூடாது. பம்ப்பும் நாசிலும் டீசலில் இருக்கும் வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் அது குறைவு. டீசல் உறைந்துவிடும் என்று பயந்து சொல்கிறார்கள். லடாக் குளிருக்காகவே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. கொடைக்கானலுக்கு அந்த மாதிரி எதுவும் தேவையில்லை.

நீங்கள் எழுதிய அடையாளத்தைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது, குளிர்ந்த சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக். நாலில் ஒன்று போயிருந்தாலும் மூன்று சிலிண்டர் பற்றிக்கொள்ளும், நாலாவது எரியாத டீசலை வெள்ளைப் புகையாகத் துப்பும். அந்த நாலாவதும் சூடான பிறகு எஞ்சின் ஒழுங்காகிவிடும். டேஷ்போர்டில் சுருள் லைட் எரிந்து அணைந்துவிட்டதால் எல்லா பிளக்கும் வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டில் தொல்லை இல்லாததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. நெருக்கக் கிடைக்கும் காற்றே குறைவு என்றால், எஞ்சினுக்குள் பிறக்கும் அழுத்தமும் குறையும். ரிங் தேய்ந்த வண்டியும், பேட்டரி இளைத்த வண்டியும் மலையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிளக் நன்றாக இருந்தால் அடுத்து பேட்டரி, அதற்கடுத்து கம்ப்ரஷன் (காற்றை நெருக்கும் அழுத்தம்) என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டர் வாயில் எரிகிற துணியைக் காட்டுவதும், ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் ஆபத்து. ஹீட்டர் பிளக் பழுக்கச் சூடாகியிருக்கும்போது ஸ்ப்ரே உள்ளே போனால் பிஸ்டனே உடைந்துபோகலாம். ஆளுக்கும் தீக்காயம் வரும்.

கேள்வி: லாரி டிரைவர்களும் காலையில் ரொம்ப நேரம் ஓட விடுகிறார்களே, அவர்களுக்குத் தெரியாதா?
– கப்பலூர் வாசகர்

பதில்: அவர்கள் காத்திருப்பது பிரேக்குக்கு. ஏர் பிரேக் வண்டியில் டாங்கியில் காற்று ஏறி, பஸ்ஸர் அடங்கி, கேஜ் முள் உரிய இடத்துக்கு வரும்வரை வண்டியை அசைக்கக் கூடாது. ஏர் ஏறியதும் எடுத்துவிடலாம்.

கேள்வி: சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் விடியற்காலையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார். என் மகளுக்கு வீசிங் இருக்கிறது. நல்ல மனிதர், சண்டை போட மனம் வரவில்லை. எப்படிச் சொல்வது?
– மதுரை வாசகி

பதில்: அம்மா, சொல்லியே ஆக வேண்டும். குளிர்ந்த எஞ்சின் விடும் புகைதான் எல்லாவற்றிலும் மோசம், அதுவும் சந்துக்குள் கலைந்து போக வழியில்லாமல் ஜன்னல் வழியாக உள்ளே வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாக அறிவித்துவிட்டது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு இந்தப் புகை கூடவே கூடாது.

"அண்ணே, குளிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க, பிள்ளைக்கு முடியல" என்று நேராகவே கேளுங்கள். எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அவர் செய்கிறார். அதனால் முதல் பதிலையும் காட்டுங்கள். அவர் வண்டியின் ஆயிலும் ரிங்கும் கெடுகிறது, டீசலும் வீண். அவர் சம்மதிக்கும்வரை அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்தி, பிள்ளையைப் பின்கட்டில் படுக்க வையுங்கள்.

கேள்வி: நிறுத்தும்போதும் கொஞ்ச நேரம் ஐடிலில் விட வேண்டுமா?
– பெரியகுளம் வாசகர்

பதில்: மலை ஏறி வந்தாலோ, பாரத்தோடு நாலு வழிச் சாலையில் விரட்டி வந்தாலோ ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். டர்போ சூடாக இருக்கும்போதே ஆயில் ஓட்டம் நின்றால், உள்ளே மிஞ்சிய ஆயில் கரிந்து பேரிங்கில் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்கள் அப்போதே சாவியைத் திருப்பிவிடலாம்.