துக்கமும் கோபமுமாக இருந்த மக்களை ஓர் அரசியல் பேச்சு அமைதிப்படுத்திய நிகழ்வு உண்டா?

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1993 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியில் நெல்சன் மண்டேலா பேசியது.

அப்போது அதிபர் டி கிளார்க். மண்டேலாவுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது. நிறவெறி ஆட்சியை முடிக்கும் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போன நேரத்தில், ஏப்ரல் 10 அன்று கிறிஸ் ஹானி கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். கறுப்பின இளைஞர்களிடம் மண்டேலாவுக்கு அடுத்த செல்வாக்கு அவருக்குத்தான். பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பி, வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவரைச் சுட்டவர் போலந்திலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையர். அவருடைய கார் நம்பரைப் போலீசுக்குச் சொன்னதும் ஒரு வெள்ளையர்தான், பக்கத்து வீட்டுப் பெண். ஆள் சீக்கிரமே பிடிபட்டார்.

நாடு பற்றி எரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மண்டேலா இந்த இருவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பேசினார்: வெறுப்பு மண்டிய ஒரு வெள்ளையர் நம் நாட்டுக்கு வந்து இந்தப் பாதகத்தைச் செய்தார், ஆஃப்ரிகானர் இனத்து வெள்ளைப் பெண் ஒருவர், கொலையாளி தப்பிக்கக் கூடாது என்று தன் உயிரையே பணயம் வைத்தார். கொன்றவரின் நிறத்தை அவர் பூசி மெழுகவில்லை, பாருங்கள். மெழுகியிருந்தால், கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோ நகர்ப்பகுதியில் ஒருவரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதற்காக, ஒரே பேச்சில் எல்லாம் அடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 14ஆம் தேதி துக்க நாளில் பல ஊர்களில் கலவரம் நடந்தது, உயிர்களும் போயின. சொவெட்டோ கூட்டத்தில், ஆளும் தேசியக் கட்சியும் இரங்கல் தெரிவித்திருக்கிறது என்று சொன்னதும் மண்டேலாவுக்கு எதிராகவே கூச்சல் எழுந்தது. ஆனாலும் பயந்த அளவுக்கு ரத்த ஆறு ஓடவில்லை. ‘சும்மா இருங்கள்’ என்று சொல்வதோடு அவருடைய கட்சி நிற்காததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வேலைநிறுத்தம், ஊர்வலம், அஞ்சலிக் கூட்டம் என்று கோபத்துக்கு வடிகால் வெட்டிக் கொடுத்தார்கள்.

அப்புறம், டி கிளார்க் அந்த நாட்களில் பின்னுக்குப் போய்விட்டார். நாட்டிடம் பேசக்கூடிய ஆள் யார் என்று வெள்ளையர்களுக்கும் தெரிந்துபோனது. அதுவரை பிடி கொடுக்காமல் இருந்த தேர்தல் தேதியும் அந்த ஜூனிலேயே முடிவானது: 1994 ஏப்ரல் 27.