மாடு கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கென்யாவில் இருந்த நாட்களைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்றைப் படித்தேன். நாண்டி இனத்தில் பெண்ணே பெண்ணை மணந்துகொள்ளும் வழக்கம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒருபால் உறவுக்கு ஆயுள் தண்டனை என்று 2023-இல் உகாண்டா சட்டம் போட்டது. பக்கத்தில் இருக்கும் கென்யாவிலும் அது குற்றம்தான். அப்படிப்பட்ட இடத்தில் இது எப்படி நடக்கிறது? அந்தப் பெண்கள் லெஸ்பியன்களா? இல்லை, பெண்ணை வைத்தே பெண்ணை அடிமையாக்கும் ஆணாதிக்க ஏற்பாடா? பின்தங்கிய ஆப்பிரிக்கச் சமூகங்களில் பெண் சுயமாக முடிவெடுப்பது என்று ஒன்று உண்டா என்றே எனக்குச் சந்தேகம். படிக்க ஒரு புத்தகப் பட்டியல் தந்தால் நன்றாக இருக்கும்.

சரவணன், திருப்பூர்

அன்புள்ள சரவணன்,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் வாம்புய் ஒட்டியெனோ என்ற கென்யப் பெண்மணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

'பின்தங்கிய ஆப்பிரிக்கச் சமூகங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்த கென்யாவை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த லெஸ்பியன் கேள்வி. நாண்டிகளைக் கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். கணவராகிவிட்ட பெண்ணுக்கு அதன்பின் உடலுறவே கூடாது என்பது வழக்கம். ஆணோடும் கூடாது, மனைவியோடும் கூடாது. ஊர் சொல்வதும் வீட்டுக்குள் நடப்பதும் எந்த நாட்டிலும் முழுக்க ஒன்றாக இருந்ததில்லை என்பதால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு கல்யாணம் என்றதும் உங்கள் கண் நேராகப் படுக்கைக்குப் போகிறதே, அது என்ன பழக்கம் தம்பி? சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எத்தனை பவுன் என்றுதானே கேட்பீர்கள்? இங்கேயும் அதையே கேளுங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

நாண்டி ஆணுக்குப் பல மனைவிகள் இருக்கலாம். ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு. அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய மாடும் நிலமும் அந்த மனைவி பெற்ற மகன்களுக்குத்தான் போக வேண்டும். மகன் இல்லையென்றால் சக்களத்தியின் பிள்ளைகளோ கணவனின் பங்காளிகளோ வந்து எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய, மகன் இல்லாத பெண் இதற்கு ஒப்பவில்லை என்றால் என்ன செய்யலாம்? மாடும் ஆடும் பரிசமாகக் கொடுத்து ஓர் இளம்பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம். அன்றிலிருந்து ஊர்க்கணக்கில் அவள் ஆண். மனைவி ஏதோ ஓர் ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறுவாள். அவனுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. பிள்ளைகளுக்கு அப்பா அந்தக் கிழவிதான்.

நாண்டிகளிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் ரெஜின் ஸ்மித் ஓபோலர் 1980-இல் வெளிவந்த கட்டுரையில் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார். பெண் கணவர் ஆண்தான், ஆண் செய்வதையெல்லாம் செய்கிறாள் என்று ஊரே சொல்லும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அவள் அன்றாடத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. சொத்து, வாரிசு என்று பேச்சு வரும்போது மட்டும் அவள் ஆண் என்பதில் எல்லாரும் பிடிவாதமாக இருப்பார்கள்.

எல்டோரெட் என்ற கென்ய ஊரில் எங்கள் வீட்டுக்கு முர்சிக் கொண்டுவரும் ஒரு பாட்டி உண்டு. சுரைக்குடுக்கையின் உள்ளே மரக்கரி தேய்த்துப் புளிக்கவைக்கும் பால் அது. சாம்பல் பூத்தாற்போல இருக்கும், மோர் குடித்துப் பழகிய நாக்குக்குச் சட்டென்று இறங்காது. கூடவே முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வருவாள். பாட்டிதான் இவளுடைய புருஷன் என்று எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. பாட்டி கறார். சில்லறையில் ஒரு காசு குறைந்தாலும் மனைவியை நடுத்தெருவில் வைத்து வாங்குவார். ஒருநாள் பாட்டி வாசல் கேட்டுக்குப் போனபிறகு அந்தப் பெண்ணிடம் என் அரைகுறை ஸ்வாஹிலியில், "உனக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "உன் புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பானா?" இல்லை என்றேன். "என் அக்கா புருஷன் அடிப்பான்" என்று சொல்லிக் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆய்வாளர்களிடம் நாண்டிப் பெண்கள் சொன்ன காரணங்களும் இந்த ரகம்தான். பரிசம் கூடுதலாகக் கிடைக்கும். அடி உதை இல்லை. பிடித்த ஆளைப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற்று ஊர்வாயில் விழுந்தவளுக்கு மரியாதையான ஒரு வீடு கிடைத்துவிடும்.

இதைப் படித்துவிட்டுச் சொர்க்கம் என்று துள்ளிக் குதிக்காதீர்கள். பரிச மாடுகள் பெண்ணின் அப்பாவுக்குத்தான் போகின்றன. அந்தக் கிழவி தன் மகளுக்குச் சொத்து ஏன் வராது என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆண்வாரிசு வேண்டும் என்ற விதிக்கு உள்ளே நின்றுகொண்டுதான் பங்காளியை விரட்டுகிறாள். ஆனாலும் 'அடிமை ஏற்பாடா' என்று திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற உங்களைவிட, அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டுத் தன் கல்யாணத்தைக் கணக்குப் போட்ட அந்தப் பெண்ணுக்குச் சுயமாக முடிவெடுப்பது என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2010-இல் கென்யா புது அரசியல் சாசனம் எழுதியது. எதிர்பாலினத்தவரை மணந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று அதன் 45-ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்த வருடமே, 2011-இல், இறந்துபோன ஒரு பெண் கணவரின் சொத்து வழக்கு மொம்பாசா உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. நாண்டி வழக்கப்படி அந்தக் கல்யாணம் செல்லும், சொத்து மனைவியின் பக்கத்துக்குத்தான் என்று தீர்ப்பு. எட்டு வருடம் கழித்து, 2019 மே மாதம், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளை நீக்கச் சொல்லி நைரோபியில் நடந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. நீக்க முடியாது, அதே 45-ஆவது பிரிவுக்கு ஆபத்து என்று மூன்று நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். ஆக, அதே கென்யாவில் பங்காளியிடமிருந்து மாட்டைக் காப்பாற்ற ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கட்டினால் அது பண்பாடு. இருவர் ஒருவரையொருவர் பிடித்துப்போய்ச் சேர்ந்தால் பதினான்கு வருடம் வரை சிறை.

வாம்புய் ஒட்டியெனோவுக்கு வருகிறேன். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தில் நைரோபியில் உளவு வேலை பார்த்தவர், வெள்ளையர்களிடம் சிறைப்பட்டவர், கிகூயு இனம். லுவோ இனத்து வக்கீல் ஒருவரைக் கட்டிக்கொண்டார். 1986 கடைசியில் கணவர் இறந்தார். நைரோபி பக்கத்தில் இருந்த தங்கள் பண்ணையில் புதைக்கிறேன் என்றார் வாம்புய். முடியாது, உடல் எங்களுடையது என்றது கணவரின் குலம். ஐந்து மாதம் உடல் சவக்கிடங்கில் கிடந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. கடைசியில் நீதிமன்றம் குலத்துக்குக் கொடுத்தது. இருபது வருடத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த மனைவிக்கு உடல் மீது உரிமை இல்லை. வாம்புய் அந்த அடக்கத்துக்குப் போகவில்லை.

அப்புறம் 2003-இல், அறுபத்தேழு வயதில், தன்னைவிடக் கிட்டத்தட்ட நாற்பது வயது சின்னவரான ஒரு கல்தச்சரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வந்ததே கோபம். வெட்கம் கெட்ட கிழவி, பணத்தைக் காட்டிப் பையனை மயக்கிவிட்டாள், இதெல்லாம் ஆப்பிரிக்கப் பண்பாடா என்று அவனவன் நீதிபதியாகிவிட்டான். பேத்தி வயதுப் பெண்ணை மூன்றாவதாகக் கட்டிக்கொண்டு வரும் தாத்தாவை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாம்புய் நாண்டியாகப் பிறந்து, மகன் இல்லாமல் இருந்து, அதே வயதில் நாலு மாடு கொடுத்து இருபது வயதுப் பெண் ஒருத்தியைக் கட்டியிருந்தால் ஊரே விருந்துக்கு வந்திருக்கும். அந்தக் கிழவி செய்வது வீட்டுக்காக, வம்சத்துக்காக. வாம்புய் செய்தது தனக்காக. இதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. நம்மாலும் முடியாது என்பது வேறு விஷயம். அந்தப் பக்கம் போனால் இந்தப் பதில் முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1992-இல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் நைரோபி உஹுரு பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பின்னால் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய வங்காரி மாத்தாயும் கூட இருந்தார். போலீஸ் அடித்து விரட்ட வந்தபோது சில தாய்மார்கள் தாங்களே உடையைக் களைந்து நின்றார்கள். தாய் வயதுப் பெண் அப்படி நிற்பது அங்கே பெரிய சாபம். இன்றுவரை கையெடுத்துக் கும்பிடாத குறையாகத்தான் அதைப் பேசுகிறார்கள். 2014 நவம்பரில் அதே நைரோபியின் ஒரு பஸ் நிறுத்தத்தில், குட்டைப் பாவாடை போட்டிருந்தாள் என்று ஒரு பெண்ணின் உடையைக் கும்பல் உரித்தது. என் உடை என் விருப்பம் என்று பெண்கள் திரண்டு ஊர்வலம் போனபோது, ஒழுங்காக உடுத்தினால் இந்த வம்பு உண்டா என்று ஓரத்தில் நின்று கத்தியவர்களும் இருந்தார்கள். மகனுக்காக அவிழ்த்தவளுக்குக் கும்பிடு, தனக்குப் பிடித்ததை உடுத்தினவளுக்கு அடி.

ஒருபால் உறவு மேற்கத்திய இறக்குமதி, எங்கள் மண்ணில் இல்லாதது என்று அங்குள்ள அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை முழங்குவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இறக்குமதியானது அந்தத் தண்டனைச் சட்டம்தான். 1930 வரை கென்யாவில் நடப்பில் இருந்தது நம் இந்திய தண்டனைச் சட்டம். இயற்கைக்கு மாறான உறவு என்ற நம்முடைய 377-ஆவது பிரிவின் வாசகம் அங்கே இன்னும் கிடக்கிறது. வயது வந்தவர்கள் சம்மதித்துச் சேர்ந்தால் அது செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. போட்ஸ்வானா நீதிமன்றம் மறுவருடமே, நம் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, தன் நாட்டில் இருந்த அதே மாதிரிச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நீங்களே தேடிக்கொள்ளலாம்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். பட்டியல் கேட்கிறவர்கள் பட்டியலைத்தான் படிப்பார்கள், புத்தகத்தை அல்ல. இரண்டு மட்டும் சொல்கிறேன். வங்காரி மாத்தாய், வாம்புய் ஒட்டியெனோ இருவருமே தன்வரலாறு எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில் கிடைக்கும். மாத்தாய் மரம் நட்ட பக்கங்களை எல்லாரும் படித்துவிடுகிறார்கள். நீங்கள் அவருடைய விவாகரத்துப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதியைக் குறை சொன்னதற்காக அவரைச் சிறைக்கே அனுப்பினார்கள். வாம்புயின் நூல் 1998-இல் வந்தது. ஆகவே கல்தச்சர் அதில் வரமாட்டார். அந்தக் கதைக்கு 2003-இன் கென்யப் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டும். வாசகர் கடிதங்களையும் விடாமல் படியுங்கள், செய்தியைவிட அவை காரமாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா