ஆடுகிறவரே பாட வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலக நாடகக் குழு, இலங்கைத் தமிழரின் மரபான ஆடல்பாடல் நாடகமாகிய வடமோடிக் கூத்துப் பாணியில் ஒரு மணி நேர நாடகம் போடுகிறது. அரசனாக வருபவர் அருமையாக ஆடுவார். ஆனால் ஆடிக்கொண்டே பாடினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. பாட்டை முன்பே ஒலிப்பதிவு செய்துவிட்டு அவரை வாயசைக்க வைத்தால் என்ன? கொழும்பு ரசிகர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தெரியும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். ஒருவர் துள்ளிச் சுழன்று வந்து நிற்கிறார், குரலில் மட்டும் ஒரு அசைவும் இல்லை என்றால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்த அரசனை யார் நம்புவார்கள்?

உங்கள் நடிகரின் கஷ்டம் உண்மையானது. ஆடும் உடல் வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறது. பாட்டோ மூச்சை மெதுவாக, சீராக விடச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதுதான் கூத்தரின் வித்தை, அது பழகினால் வரும். முதலில் நின்றபடி, காலால் தாளம் போட்டுப் பாடட்டும். அப்புறம் நடந்துகொண்டு. ஆட்டம் அதற்குப் பிறகுதான், அதுவும் தாளத்தைக் குறைத்து. தோளைத் தூக்கி மூச்சு இழுக்காமல், விலாவும் வயிறும் விரிய இழுக்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு எடுப்பது என்று ஏட்டிலேயே குறித்துக்கொள்ளட்டும்.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிற்பாட்டுக்காரர் எங்கே? கடிதத்தில் ஒருவரைப் பற்றியும் பேச்சில்லை. கூத்தர் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கூத்தர் மூச்சை மீட்கிறார். விடிய விடிய ஆடியவர்களுக்குக் குரல் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். நேரத்தைச் சுருக்குகிறோம் என்று பலர் முதலில் வெட்டுவது இதைத்தான். பிறகு நடிகருக்கு மூச்சு வாங்குகிறது என்று அவரைக் குறை சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடிய விடிய நடந்த கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த முயற்சியில் வந்ததுதான் ‘இராவணேசன்’. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அப்போது பல்கலைக்கழக மாணவர். சுருக்கிய கூத்திலும் ஆடியவர்களே பாடினார்கள். 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறிய, சரச்சந்திரவின் சிங்கள நாடகமான ‘மனமே’யில் நடித்தவர்களும் தாங்களே பாடியவர்கள்தான். கொழும்பு ரசிகர்கள் இதையெல்லாம் பார்த்தவர்கள், அவர்களைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

மேடையேற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நாலு பிற்பாட்டுக்காரரைச் சேருங்கள். ஒலிப்பதிவுக்கு ஒதுக்கிய பணத்தில் மத்தளக்காரரை முதல் ஒத்திகையிலிருந்தே கூப்பிடுங்கள். நடிகர் மூச்சுக்குத் திணறினால் மத்தளம் ஒரு சுற்று அதிகமாக அடித்துக் காத்திருக்கும். ஒலிப்பதிவு காத்திருக்காது.