கொக்கி முள் பிடித்தால் பின்னால் போங்கள்

கென்யாவின் லைக்கிப்பியாவுக்கு மூன்று மாதப் புல்வெளிக் கணக்கெடுப்புக்குப் போகும் ஆய்வு மாணவி ஒருவர் கேட்கிறார்: "எங்கு பார்த்தாலும் முள்தான் என்கிறார்கள். என்ன போட்டுக்கொண்டு போவது? தைத்துவிட்டால் என்ன செய்வது?"

உடை இருக்கட்டும், முதலில் முள்ளின் வடிவத்தைப் பழகிக்கொள்ளுங்கள். முன்பு அக்கேசியா என்று சொன்ன ஆப்பிரிக்க வேல மரங்கள் இப்போது வச்செல்லியா, செனகாலியா என்று பிரிந்திருக்கின்றன. பொதுவாக வச்செல்லியாவுக்கு ஊசி போன்ற நேர் முள், ஜோடி ஜோடியாக. செனகாலியாவுக்குத் தொரட்டி போல வளைந்த குட்டை முள். குடை விரித்தாற்போல நிற்கும் வச்செல்லியா டார்டிலிஸில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நேர் முள் குத்தும், கையை எடுத்தால் விட்டுவிடும். கொக்கி முள் விடாது. ஆங்கிலத்தில் அந்தப் புதர்களுக்குக் 'கொஞ்சம் பொறு' என்றே பெயர். அவற்றில் ஒன்றான செனகாலியா மெல்லிஃபெரா சட்டையைப் பிடித்ததும் நாம் முன்னால் திமிறுவோம். இழுக்க இழுக்க அது ஆழமாகப் பதியும், பக்கத்துக் கிளையும் வந்து மாட்டும். அப்படியே நின்று, வந்த வழியே அரை அடி பின்னால் போங்கள். பாதி தானாகக் கழன்றுவிடும். மீதியை ஒவ்வொன்றாக எடுங்கள்.

லைக்கிப்பியாவின் கரிசல் மண்ணில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது விசில் முள் மரம், வச்செல்லியா ட்ரெபனோலோபியம். அதன் சில முட்களின் அடி உருண்டையாக உப்பியிருக்கும். எறும்புகள் அதில் ஓட்டை போட்டு உள்ளே குடியிருக்கும். காற்றடித்தால் அந்த ஓட்டைகள் விசிலடிக்கும். கேட்க அவ்வளவு அழகு! ஆனால் கிளையை அசைத்த மறுநொடியே எறும்புகள் கைமீது ஏறிக் கடிக்கும். மரத்தை அளக்க டேப்பைச் சுற்றுவதற்கு முன் முழுக்கைச் சட்டையின் நுனியைக் கையுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம், முள் அடியைத் துளைத்துவிடும். தடித்த ரப்பர் அடியுள்ள தோல் பூட்ஸ் வாங்குங்கள். தினமும் சாயங்காலம் அதைக் கவிழ்த்து, ஒடிந்து நிற்கும் நுனிகளைக் குறட்டால் பிடுங்குங்கள். இல்லையென்றால் நடக்க நடக்க உள்ளே ஏறும். கண்ணாடி கட்டாயம். முன்னால் போகிறவர் விலக்கிய கிளை திரும்பி வந்து அடிப்பது முகத்தில்தான். நம் ஊர் விடத்தலை ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஜீப் டயரையே பஞ்சராக்கும். மாற்று டயர் இரண்டு வைத்திருங்கள்.

அப்புறம், டெட்டனஸ் ஊசியைக் கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். தைத்த முள்ளை உள்ளே போன அதே சாய்வில் நேராக வெளியே இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நுனி முழுதாக வந்ததா என்று பாருங்கள். கண்ணில் குத்தியிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். விரல் மூட்டிலோ முழங்காலிலோ தைத்த இடம் ஆறி, சில வாரம் கழித்து மூட்டு வீங்கினால், முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. முள் தைத்த கதையை மருத்துவரிடம் சொல்லி, அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள்.