ஈறு இறங்கிய பல்லும் வேர்ச் சொத்தையும்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வலியே இல்லை, ஆனால் பல்லின் வேரில் சொத்தை என்கிறார்கள். வலிக்காமல் சொத்தை வருமா டாக்டர்?

பதில்: வரும். முதியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். வயது ஏற ஏற பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை சுருங்கிவிடும். அதனால் சொத்தை ஆழமாகப் போகும்வரை கூச்சம்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஈறு இறங்கி வெளியே வந்த வேருக்கு எனாமல் என்ற கவசமும் கிடையாது. எனாமல் கரைய, வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போக வேண்டும். வேருக்கு 6.5 பக்கம் வந்தாலே போதும். வலி வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் கடைவாய்ப் பல்லில், ஈறு ஓரமாகக் கறுப்பாக இருக்கிறது. சொத்தைதானே?

பதில்: நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கறுத்து, கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் அது வளராமல் நின்றுபோன பழைய சொத்தை, அல்லது வெறும் கறை. மஞ்சளாகவோ வெளிர் பழுப்பாகவோ, மங்கலாக, தோல் போல மெத்தென்று இருப்பதுதான் எனக்குக் கவலை. வேரின் நிறத்தோடு கலந்து கண்ணை ஏமாற்றிவிடும். அதனால் முதலில் படிந்த அழுக்கை எடுத்து, பல்லை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில், உருண்டை முனையுள்ள கருவியால் மெல்லத் தடவிப் பார்ப்போம். கூர்முனையால் அழுத்திக் குத்தினால் மெத்தென்ற இடம் இன்னும் சிதைந்துவிடும்.

கேள்வி: எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாதா?

பதில்: இரு பற்களுக்கு இடையே ஒளிந்திருப்பதற்கு உதவும். ஆனால் பல்லின் கழுத்துப் பகுதி படத்தில் இயல்பாகவே கறுப்பாக விழுவதுண்டு. சொத்தை என்று தவறாக எண்ண இடம் உண்டு.

கேள்வி: மாமியாருக்கு மறதி நோய். அவரால் எதையும் சொல்ல முடியாது. நான் எதைக் கவனிப்பது?

பதில்: நீங்கள் பார்ப்பதுதான் அவருக்குத் துணை. உதட்டையும் கன்னத்தையும் மெல்ல விலக்கி, டார்ச் அடித்து ஈறு ஓரங்களைப் பாருங்கள். கேப் போட்ட பல்லின் விளிம்பையும், கழற்றி மாட்டும் பல்செட்டின் கம்பி பிடிக்கும் பற்களையும் விடாதீர்கள். ஒரே பக்கம் மெல்கிறாரா, அந்த இடத்தில் உணவு சிக்குகிறதா என்றும் பாருங்கள். வாய் உலர்ந்தே இருந்தால் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கண்டுபிடித்தால் உடனே அடைக்க வேண்டுமா?

பதில்: எப்போதும் இல்லை. குழி விழாத ஆரம்ப நிலை என்றால், ஃப்ளோரைடு அதிகமுள்ள (5000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 5000 பங்கு) பற்பசையை மருத்துவர் எழுதித் தரலாம். தினமும் நன்றாகத் துலக்கிவந்தால் மெத்தென்ற இடம் மறுபடி கெட்டிப்படக்கூடும்.